உருளைக்கு முன்னால் நின்றேன்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். எட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் தங்கை பதறுவாள்; யாருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் ஆங்கிலத் துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. அதில் நீங்கள் உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. பிறகு இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தீர்களே, அதையும் பிச்சையாகத்தான் எடுத்துக்கொண்டேன். தொடர்வதா, மூடுவதா என்று கல்லூரி சார்பில் கேட்டிருந்தீர்கள். மூடிவிடுங்கள் என்று எழுதி உறையும் ஒட்டியாயிற்று. நேற்று அதைக் கிழித்துப் போட்டேன்.

மாணவர்கள் பன்னிரண்டு பேர். மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி மடிக்கும் மேசையைச் சுற்றித்தான் வகுப்பு. கேன், மே, ஷுட், மஸ்ட் என்று பத்து நாளாகப் பலகையில் கட்டம் போட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாவற்றையும் போட்டுக் குழப்பினார்கள். நேற்று, உங்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இஸ்திரி உருளை ஓட்டும் பெண் எழுந்தாள்; எந்நேரமும் நீராவிக்குள் நிற்பதால் எல்லோருக்கும் அவள் ஆவியக்கா. "சார், நீங்க வந்து மிஷின்ல நில்லுங்க. நாங்க இங்கிலீஷ்ல மட்டும் சொல்றோம். யாருக்கு ஏறுதுன்னு பாப்போம்" என்றாள்.

நின்றேன். ஈர விரிப்பைக் கொதிக்கும் உருளைக்குள் விட வேண்டும். மூலையைப் பிடித்தாக வேண்டும், மெதுவாக விடலாம், சற்றுத் தள்ளி நிற்பது நல்லது என்று ஆளுக்கொன்றாக ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஒரு சொல்கூடத் தவறாக வரவில்லை. எனக்கு யார் சொல்வது என்ற நினைப்பில், துணியில் ஒரு சுருக்கத்தைக் கண்டு நீவிவிடக் கை நீட்டினேன். "யூ மஸ்ட் நாட்" என்று பன்னிரண்டு குரலும் ஒன்றாக வந்தது. என் கை தானாக நின்றது. விரலுக்கும் உருளைக்கும் நடுவே ஓர் அங்குலம்.

இருபது வருடமாக, வகுப்புக்குத் தாமதமாக வரக்கூடாது என்பதைத்தான் அந்தச் சொற்களுக்கு உதாரணமாக எழுதிப்போட்டேன். அவற்றுக்கு இத்தனை பலம் உண்டென்று எனக்குத் தெரியாது.

ஆவியக்கா தன் இடது கையைக் காட்டினாள். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. "வேலைக்குச் சேந்த முதல் வாரம் சார். கை வைக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதித்தான் வச்சிருந்தாங்க, இங்கிலீஷ்ல." பிறகு சிரித்தாள். "பரவால்ல, உங்களுக்கு ஒரே நாள்ல ஏறிடுச்சு."

அடுத்த வாரம் புதிதாக நாலு பேர் சேருகிறார்கள். அந்தச் சுவரைப் படிக்க அவர்களுக்கும் தெரியாது. வகுப்பை மூடாதீர்கள். உங்களிடம் நானாகக் கேட்கும் முதல் உதவி இது. ஒரு மதியம் வந்து பாருங்கள். தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

நீங்கள் எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்