மாமாவும் மாமியும் திரானாவுக்குப் போவதாக இருந்தால்

வெள்ளவத்தை
ஓகஸ்ட் 17

அன்புள்ள மகள் மிதுனாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் ஜனா மருமகனும் சின்னவன் லவனும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது கேட்கிறார், நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன். இங்கே அம்மாவின் பிரஷர் அடங்கிவிட்டது, என்னுடைய கோபம்தான் அடங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரியப்பா, சரியப்பா" என்று வெட்டிவிடுகிறாய், அதனால்தான் கடதாசியை எடுத்தேன்.

ஜனாவைப் பெத்த வத்தளை மாமாவும் மாமியும் ஒக்டோபரில் லவனைப் பார்க்கத் திரானாவுக்கு வருகினம், நீங்கள் போய் வந்த ஆக்கள்தானே, அவைக்கு என்னென்ன செய்ய வேணும் எண்டு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்கோ என்று போன கிழமை கேட்டாய். எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு கேள்வி. சொந்தப் பேரனைப் பார்க்க ஒரு மனிதன் அல்பேனியாவின் தலைநகருக்கு ஏன் போக வேண்டும்? பெற்ற மகளின் வீட்டுக்கு வர நானும் அம்மாவும் இரண்டு தரம் விசா கேட்டோம், வங்கிக் கடிதம், பிளாட் உறுதி, பென்சன் புத்தகம் எல்லாம் வைத்தோம், இரண்டு தரமும் ஒரே பதில், நாங்கள் திரும்பிப் போவோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். எழுபத்தொரு வயதில் நான் அங்கே ஒளிந்திருந்து என்ன செய்யப் போகிறேன், பனி தள்ளவா? உங்கள் இருவரின் அகதிப் பயணப் பத்திரத்திலோ இலங்கை தவிர எல்லா நாடும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் இங்கே வர முடியாது, நாங்கள் அங்கே வர முடியாது, ஆகவே இரண்டு பகுதியையும் உள்ளே விடுகிற ஓர் ஊரை ஜனா கம்பியூட்டரில் தேடிப் பிடித்தார். அதில் நான் பிழை சொல்லவில்லை. ஆனால் "நல்ல இடம் அப்பா, மலிவு, மலையும் இருக்கு, ஹொலிடே மாதிரி" என்று நீ சொன்னாயே, அந்த ஹொலிடே என்ற சொல்லை மட்டும் மாமாவிடம் சொல்லிவிடாதே.

இனி லிஸ்ட். விசாவைக் கம்பியூட்டரிலேயே எடுக்கலாம், அதில் வில்லங்கம் இல்லை, ஆனால் அதை அச்சடித்து, தங்கும் வீட்டின் கடிதத்தையும் திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்துக் கையில் வைத்திருக்கச் சொல். போனில் இருக்கிறது என்று நீ சொன்னதை நம்பி நாங்கள் போனோம், இடையில் விமானம் மாறும் இடத்தில் எங்கள் பாஸ்போர்ட்டைக் கண்டவுடன் ஒருவன் வரிசையிலிருந்து எங்களை மட்டும் விலத்தி நிறுத்தினான், என் போனில் சார்ஜ் போய்விட்டது, அம்மா நாற்பது நிமிடம் கால் மாற்றி மாற்றி நின்றார், ஒரு கதிரை கொடுக்க ஆள் இல்லை. அடுத்தது மருந்து. கைப்பையைப் பாரமாக்காதேங்கோ என்று நீ எழுதி அனுப்பியதால் பிரஷர் குளிசை முழுவதும் பெரிய பெட்டிக்குள் போனது, நாங்கள் திரானாவில் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. நீங்கள் வரவேண்டிய விமானமும் வேலைநிறுத்தத்தால் நின்றுபோயிற்று, திங்கட்கிழமைதான் வருவீர்கள் என்று நாங்கள் தங்கிய இடத்து வீட்டுக்காரப் பெண் வந்து சொன்னார். தெரியாத ஊர், ஒரு நாளுக்குக்கூடக் குளிசை இல்லை, அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, நீ எழுதி அனுப்பிய பதினொரு புத்திமதியும் என் சட்டைப் பைக்குள் மடித்துக் கிடக்கிறது. அம்மாதான் கைப்பையின் அடியில் ஒரு வெறும் குளிசை மட்டையைக் கண்டெடுத்தார். அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து அங்கே பார்மசியில் இருந்த பெட்டை வேறொரு கொம்பனியின் அதே மருந்தை எடுத்துத் தந்தாள். ஆகவே மாமியின் சீனி வருத்தக் குளிசை கைப்பைக்குள், வெறும் மட்டை ஒன்று மாமாவின் பைக்குள். இன்னொன்று, அந்தப் பெட்டை தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள், இல்லை என்கிறாள் என்று நினைத்து நான் வெளியே வரப் பார்த்தேன், அம்மா என் கையைப் பிடித்து "நில்லுங்கோப்பா, அது ஓம் எண்டு ஆட்டுறது, எங்கட ஆக்கள் ஆட்டுற மாதிரித்தான்" என்றார். எல்லாரும் அப்படி ஆட்டுவதில்லை, ஆனால் சிலர் ஆட்டுகிறார்கள், ஒருதரம் திருப்பிக் கேட்கச் சொல்.

காசு விஷயத்தில் நான் வெட்கப்பட்டதையும் எழுதிவிடுகிறேன். மூலையில் இருந்த பேக்கரியில் ஒரு பாண் எடுத்தேன், கடைக்காரி இங்கிலிஷில் தௌசண்ட் என்றாள். ஆயிரம் லெக் என்றால் எங்கள் காசில் மூவாயிரத்துக்கு மேலே. ஒரு பாணுக்கு! வெளிநாட்டுக் கிழவன் என்று கண்டவுடன் சுரண்டுகிறாள் என்று எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது, பாணை மேசையில் போட்டுவிட்டு நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன், கள்ளி என்றும் சொன்னேன், நல்லகாலம் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு வீட்டுக்காரப் பெண் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினார், அந்த நாட்டில் அறுபது வருடத்துக்கு முன்னரே காசில் ஒரு சைபரை வெட்டிவிட்டார்களாம், ஆனால் சனத்தின் வாய் இன்னும் பழைய கணக்கில்தான் சொல்லுமாம், ஆயிரம் என்றால் கொடுக்க வேண்டியது நூறு. அடுத்த நாள் காலையில் நான் அந்தக் கடைக்குப் போய் நெஞ்சில் கை வைத்து சொறி என்று மன்னிப்புக் கேட்டேன். அவள் கீரை வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி ஒன்றைச் சுடச்சுடக் கடதாசியில் சுற்றி அம்மாவின் கையில் திணித்தாள். உன்னுடைய பதினொரு புத்திமதியில் இந்த சைபர் ஏன் இல்லை, மிதுனா? மலைக்குப் போகும் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று இருந்தது.

பஸ்ஸுக்கு மாமா பயப்படத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து நகரத்தின் நடுச் சதுக்கத்துக்கே பஸ் இருக்கிறது. ஊருக்குள் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர் விரலிடுக்கில் நோட்டுக்களைச் செருகிக்கொண்டு சனத்துக்குள்ளால் நெரித்து வருவான், காலி வீதியில் 101 பஸ்ஸில் நிற்பது போலவே இருக்கும், சில்லறை வைத்திருந்தால் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், ஒக்டோபர் என்றால் குடை வேண்டும். மாமி மிளகாய்த்தூளை இரண்டு பைக்குள் சுற்றிக் கொண்டு போகட்டும், எங்களுடையதை ஒருவரும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதற்கு நீ கோபிக்கக் கூடாது. திங்கட்கிழமை பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். அம்மா படியில் ஓடி இறங்கிப் போய் லவனைத் தூக்கப் போனார், அவன் ஜனாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். "இதார் தெரியுமோ, அம்மம்மா" என்று நீ சொல்ல, அவன் உன் போனைத் தட்டிக் காட்டி "அம்மம்மா இதுக்குள்ள" என்றான். எல்லாரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார், பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் கோப்பை கழுவினார். அவன் பழகட்டும் என்று வீட்டில் இருந்திருக்கலாம். நீங்களோ செவ்வாய்க்கிழமை மலை, புதன்கிழமை வாவி, வியாழக்கிழமை நிலத்துக்குக் கீழே இருக்கும் பங்கர் என்று இழுத்துக்கொண்டு திரிந்தீர்கள். பங்கர்! அந்த நாட்டை முன்னர் ஆண்டவர்கள் பயத்தில் கட்டியதாம், இப்போது மியூசியமாம், டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். வாசலில் அம்மா நின்றுவிட்டார். "நான் உதுக்குள்ள வரமாட்டன், இருந்தது காணும்" என்றார். நீ "ஒரு பத்து நிமிஷம்தானே அம்மா" என்றாய். உனக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு கோண்டாவிலில் நம் வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் அம்மா உன்னையும் கொண்டு இறங்கியபோது நீ பிறந்து நாற்பது நாள். பிளேன் சுற்றும்போது நீ கத்துவாய், அம்மா தன் இரண்டு கையாலும் உன் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருப்பார், தன் காதைப் பொத்த அவருக்கு வேறு கை இல்லை.

அம்மாவை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, உன் முகத்துக்காக நான் உங்களோடு உள்ளே வந்தேன். இருட்டும் சைரன் சத்தமும் கேட்டு லவன் வீரிட்டுக் கத்தினான், ஜனா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, நானும் பின்னால் போனேன். நீ கடைசியாகத்தான் வந்தாய், அதனால் நீ கண்டிருக்க மாட்டாய். அவன் ஜனாவின் தோளில் கிடந்தும் அடங்கவே இல்லை. அம்மா கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை, எழும்பிப் போய் அவனுடைய இரண்டு காதையும் தன் இரண்டு கையாலும் பொத்தினார். கத்தல் நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு தானாகவே அவரிடம் தாவினான். அன்று இரவு அம்மாவின் கையால்தான் சாப்பிட்டான், வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் சேலைத் தலைப்பை விடவில்லை, என்னையும் "அப்பப்பா" என்று பிழையாகக் கூப்பிட்டான், நான் திருத்தவில்லை. சனிக்கிழமை எங்களுக்கு விமானம். கதவடியில் அவன் அம்மாவின் கழுத்தைக் கட்டியிருந்த கையை நீ ஒவ்வொரு விரலாகக் கழற்ற வேண்டியிருந்தது.

ஆகவே மற்றதெல்லாவற்றையும் மறந்தாலும் மாமாவுக்கு இதை மட்டும் சொல். பிள்ளை கிட்ட வர நாலு நாள் எடுக்கும். ஒரு கிழமைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், பதினைந்து நாளுக்கு எடுக்கட்டும். மலைக்கும் வாவிக்கும் நீயும் ஜனாவும் போங்கள், அவர்கள் இருவரும் அவனோடு வீட்டில் இருக்கட்டும்.

மூன்று பேரும் நல்ல சுகத்தோடும் மனநிறைவோடும் நீடு வாழ நல்லூர்க் கந்தன் துணை நிற்பான். லவனுக்கு இருமல் என்றாய், கற்பூரவள்ளி அங்கே கிடைக்காது, மறவாமல் வெந்நீரில் தேன் விட்டுக் கொடு.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
க. நாகேந்திரம்