கால் சுற்று

மார்ச் 4, புதன்

இன்னும் அறுபத்தாறு நாள். படகுக்காரர்கள் ஃபாரம் அனுப்பிவிட்டார்கள், பதினாறு பக்கம். பதினொரு நாள் படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், தினம் மூன்று தடவை சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் டைவிங். மனித வாடையே இல்லாத பவளத்திட்டுகள். ஆறு வருஷக் கனவு. நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ஏதாவது ஆனால் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு முப்பது மணி நேரம் ஆகும், ஹெலிகாப்டர் வராது. அதற்குக் கீழே கையெழுத்து.

என் வீட்டுக்காரர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சிட்டேல்ல? அப்புறம் நான் வேற எதுக்கு?"

இந்த மனுஷன் லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வேலையில் ஒரு நட்டை மூன்று தடவை பார்ப்பாராம். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று தெரியாது. மாஸ்க், உதிரி வார், டார்ச், காதுக்கு மருந்து - பட்டியல் எல்லாம் என்னுடையது. அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் கலெக்டரம்மா. "கலெக்டரம்மா கையெழுத்து இல்லாம நான் மூச்சுகூட விட மாட்டேன்" என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரிக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

கல்குவாரி ஏரியில் பயிற்சி. இருபது மீட்டர் ஆழத்தில் இருந்தோம். பக்கத்தில்தான் இருந்தார். திடீரென்று கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுகிற மாதிரிக் காட்டினார். காற்று இல்லை. நூறு தடவை விளையாட்டாகப் பழகிய சைகை. ஆனால் அந்தக் கண் - அப்படி ஒரு கண்ணை இருபத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை. என்னிடம் உள்ள இரண்டாவது வாய்க்குழாயைக் கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வந்தோம். மேலே வந்ததும் ஒரே இருமல்.

அப்போது என் கை தானாக அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. சிலிண்டர் வால்வைத் தொட்டது. கொஞ்சம்தான் திறந்திருந்தது. கால் சுற்று. அவ்வளவுதான். திருகி முழுக்கத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

படகுக்கும் எங்களைக் கூட்டிப்போகிற பயிற்சி மாஸ்டர் நீந்தி வந்து, காற்றின் அளவைக் காட்டும் கேஜைப் பார்த்தார். வால்வைத் தடவிப் பார்த்தார். "காத்து பாதிக்கு மேல இருக்கு, நூத்தி முப்பது. வால்வும் முழுசா தொறந்திருக்கு. பதட்டம்தான் சார். வயசு அம்பதைத் தாண்டினா சில பேருக்கு இப்படி வரும்" என்றார்.

நான் என் மாஸ்க்கைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதியாவது வைக்கிறேன்.

அவர் வால்வை நான்தான் திறப்பேன். எங்கள் வழக்கம். அவர் உட்காருவார், நான் பின்னால் நின்று முழுசாகத் திறந்து, இறுகிக்கொள்ளாமல் இருக்கக் கால் சுற்று பின்னால் தள்ளுவேன். நேற்று மகள் போன் பண்ணிவிட்டாள். நான் பேசி முடிப்பதற்குள் அவரே திறந்துவிட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. வந்தேன், அவசரம், அவருக்கு முன்னால் நின்றபடியே தோளுக்கு மேல் கையை விட்டுத் திருகினேன். பின்னால் நின்று திருகுவதற்கும் முன்னால் நின்று திருகுவதற்கும் திசை நேர்மாறு. திறப்பதாக நினைத்து, அவர் திறந்ததை முழுசாக மூடினேன். அப்புறம் என் கெட்டிக்காரத்தனம் - கால் சுற்று பின்னால். மேலே நிற்கும்போது அந்தக் கால் சுற்றுக் காற்று போதும். ஆழத்தில் போதாது.

ஆஸ்பத்திரியில் தினம் நாற்பது பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன். இடது, வலது மாறாமல் இருக்க ஒவ்வொரு படத்திலும் ஈய எழுத்து வைப்பவள் நான். புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பாடமாக வேறு எடுப்பேன். த்தூ.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் எழுந்தேன். காபி கொடுத்தேன். "நேத்து நீ இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்றார். தோசை தீய்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் தோசையே இல்லை.

மார்ச் 12, வியாழன்

கலெக்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "என் உயிரைக் காப்பாத்தினவ" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் அவருடைய ரெகுலேட்டரை மாஸ்டர் கடையில் பிரித்துப் பார்த்தார்கள். வாய்க்குழாய், ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக. நான் பக்கத்தில் நின்று, ஏதாவது ஓட்டை இருக்கட்டும், ஒரு விரிசலாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு கேவலம்! புருஷன் வாயில் வைக்கிற சாமான் உடைந்திருக்கட்டும் என்று வேண்டுகிற பெண்டாட்டி.

"புதுசு மாதிரி இருக்கு சார்" என்றார் மாஸ்டர்.

திரும்பும்போது வண்டியில் அவர் சொன்னார்: "அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. ஆள்லதான் கோளாறு." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது, இரண்டு நிமிஷம் இருந்தது. ஏன் சொல்லவில்லை? திட்டுவார் என்றா? அந்த மனுஷனுக்குத் திட்டவே வராது. இருபத்தைந்து வருஷமாக நான்தான் திட்டுகிறவள். சாவியைத் தொலைத்தால், விளக்கை அணைக்காவிட்டால், ரசீதைக் கிழித்தால் - நான்தான். அந்த இடத்தை விட்டு இறங்க மனசு வரவில்லை. அதுதான் நிஜம். மாஸ்டருக்குத் தெரிந்தால் என்னைப் படகில் ஏற்ற மாட்டாரோ என்ற பயமும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

மார்ச் 20, வெள்ளி

சாயங்காலம் நான்கு மணிக்கே வந்துவிட்டார். உடுப்பில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. என்னங்க ஆச்சு என்றேன்.

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்க முடியல. பாதி ஏணி இறங்கினதும் மூச்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. மேல வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன்."

முப்பது வருஷமாக இறங்கி ஏறுகிற குழி.

பிறகு சாக்ஸைக் கழற்றியபடியே சொன்னார்: "நீ மட்டும் போயிட்டு வா. மாஸ்டர் வேற ஜோடி போட்டுக் குடுப்பார். என்னால உனக்கு ஆபத்து வரக்கூடாது. முப்பது மணி நேரம்னு நீதானே படிச்சுக் காட்டின."

என்னால் உனக்கு ஆபத்தாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இருங்க" என்றேன். என்ன ஒரு சாமர்த்தியமான பதில்!

மார்ச் 24, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி இதய டாக்டரிடம் காட்டினோம். ட்ரெட்மில்லில் ஓடவிட்டார். ஈசிஜி கோடு கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறதாம். அது மட்டும் என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டாராம். "தண்ணிக்குள்ள மூச்சு முட்டிருக்கு, ஏணியில முட்டிருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்தா ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடறது நல்லது. அடுத்த செவ்வாய் வச்சுக்கலாம்."

கை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் குழாய் விடுவார்கள். பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் எனக்கு வேலை.

டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கூட இருந்தீங்களாமே, வேற ஏதாவது கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அடிப்பாவி. அடிப்பாவி.

மார்ச் 31, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எட்டு மணிக்குப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. பச்சை அங்கி மாட்டி, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மணிக்கட்டில் மயிரை மழித்திருந்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா குழிக்குள்ள இறங்கற ஷூவை யாருக்காவது குடுத்துடு, புதுசு" என்றார். கிண்டல்தான். ஆனால் உதடு வறண்டிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் வால்வை மூடினேன்."

புரியவில்லை அவருக்கு. மறுபடியும் சொன்னேன். போன், தோள், திசை, எல்லாம். மேலே வந்ததும் நானே திறந்துவிட்டதையும் சொன்னேன். நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். என் டிபார்ட்மெண்டில் யாருக்கும் இனி காபி நேரத்தில் வேறு பேச்சு இருக்காது. இருக்கட்டும்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்திமூணு நாளா தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து உட்கார்ந்தார். "என் சட்டையைக் குடு."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தண்ணீர் விஷயம் கணக்கில் இல்லை என்றால் குழாய் வேண்டாம், ஒரு சிடி ஸ்கேன் போதும் என்று எழுதிக் கொடுத்தார். மத்தியானமே எடுத்தார்கள். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டேன். ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 1, புதன்

பேசவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பேசவில்லை. அவர் தட்டை அவரே கழுவி வைக்கிறார்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"குழிக்குள்ள இறங்கறப்ப மெயின் சுவிட்சை அணைச்சுட்டு அதுல பூட்டுப் போடுவோம். சாவி என் பாக்கெட்ல இருக்கும். எதுக்குன்னு தெரியுமா? எதிரிக்கு இல்ல. நல்ல எண்ணத்துல எவனாவது வந்து ஆன் பண்ணிடுவான்னுதான்."

"தப்புதாங்க."

"வால்வை மூடினதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்கும் கை மாறும். வேலையில மாறியிருக்கு. ஆனா நான் அந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன் பாரு. என் ஆயுசு முடிஞ்சுதுன்னு நினைச்சேன். உன்னை யார் பாத்துப்பான்னு நினைச்சேன். நீ அன்னைக்கு எனக்கு சப்பாத்தி போட்ட."

அழுதேன். அவர் தடுக்கவில்லை. மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் குழிக்குள் இறங்கினாராம். மூச்சு அடைக்கவில்லையாம். அதை என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் போனில் சொன்னதைக் கேட்டேன்.

ஏப்ரல் 18, சனி

மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கால் சுற்று பின்னால தள்ளறதை விட்டுப் பத்து வருஷமாச்சு. யாருங்க இன்னும் அதைப் பண்றது? தொறந்தா முழுசா தொறக்கணும், மூடினா முழுசா மூடணும்." இறங்குவதற்கு முன் செய்யும் சோதனைப் பாடத்தை முதலிலிருந்து எடுக்கவைத்தார். கூட ஆறு கல்லூரிப் பிள்ளைகள். "ஆண்ட்டி, உங்களுக்கும் இதான் முதல் தடவையா?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன்.

படகுக்கு அவர் பணம் திருப்பிக் கேட்டுவிட்டாரா, வருகிறாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார்: "வரேன். உன் கூடத்தான் இறங்கறேன். வேற ஜோடி வேண்டாம்னு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்." சந்தோஷத்தில் கரண்டியைக் கீழே போட்டேன். "ஆனா ஃபாரத்தைக் குடு, படிக்கணும்" என்றார்.

பதினாறு பக்கத்தையும் படித்தார். இரண்டு மணி நேரம். ஏழாம் பக்கத்தில் நான் கவனிக்காத ஒரு வரியைக் கண்டுபிடித்தார்: அவரவர் வால்வை அவரவரே திறக்க வேண்டும்.

மே 11, திங்கள்

படகில் மூன்றாம் நாள். நாலாபக்கமும் தண்ணீர்தான். போன் சமாதியாகிவிட்டது. கட்டில் ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது.

இன்று காலையில்தான் முதல் இறக்கம். அவர் வால்வை அவரே திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கோ" என்றார். பார்த்தேன், தொடவில்லை. என்னுடையதை நான் திறந்து அவரிடம் காட்டினேன். தலையாட்டினார். எல்லாம் முறைப்படி.

உள்ளே - எப்படிச் சொல்ல - ஆறு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை. பவளச் சுவர் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மஞ்சள் மீன் கூட்டம் எங்களைச் சட்டை பண்ணாமல் கடந்து போனது. ஆமை ஒன்று அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று மேய்ந்தது. காட்டலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது நிமிஷத்தில் பதினான்கு தடவை பார்த்தார், எண்ணினேன். அதுதான் சரியான முறை. மேலே வந்ததும் மாஸ்டர்கூட, "சார் இப்பதான் ஒழுங்கான டைவர் ஆயிருக்கார்" என்று தட்டிக்கொடுத்தார்.

முன்பெல்லாம் தண்ணீருக்குள் அவர் கேஜைப் பார்த்ததே இல்லை. என்னைத்தான் பார்ப்பார்.