மாமா அனுப்பிய உறை

மல்வேர்ன், ரொறொன்ரோ
15.11.1987

அன்பு மகள் தங்கேஸ்வரிக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் பிள்ளையார் காவலில் சுகமாக இருக்கிறோம். நீயும் தண்டர் பேயின் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றே நினைக்கிறேன், வேறு விதமாக நினைக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று கிழமையாக உன் போன் இல்லை. ஞாயிறு காலையில் அம்மா தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழும்புவதில்லை, போன கிழமை யாரோ நம்பர் மாறி எடுத்த வெள்ளைக்காரனிடம் தமிழிலேயே சுகம் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். என் வேலை அப்படியே போகிறது. மிசிசாகாவில் விமானத்திலிருந்து இறங்கும் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்குவதில் புதிதாக எழுத என்ன இருக்கிறது, போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாள் நல்ல நாள். முழங்காலுக்குக் கீழ்மாடி அன்ரனெற் தந்த தைலத்தைப் பூசுகிறேன். வலி போகவில்லை, மணம் மட்டும் பஸ் முழுக்கப் போகிறது.

எழுத வேண்டியதை விட்டு வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த உறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் மாமா நாகமணி கண்டியிலிருந்து நீ படித்த பேராதனைக்கு எத்தனை தரம் போய்வந்தான் என்று உனக்கும் தெரியும். ஒரு நாள் பல்கலைக்கழகம் பூட்டு, ஒரு நாள் எழுதுவினைஞர் லீவு, ஒரு நாள் பதிவாளர் இல்லை. அந்த ஒரு கடுதாசி வராமல்தான் போன வருடம் நீ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனது. கடைசியில் உன்னுடைய நாலு வருடப் புள்ளிகளையும் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே பதிவாளர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்ததை மாமா பதிவுத் தபாலில் அனுப்பி, ஒக்டோபர் இருபத்தோராம் திகதி அது எங்கள் கைக்கு வந்தது. அன்றைக்கே நீ போனில், "அப்பா, உறைய உடைச்சிராதீங்க, உடைச்சா செல்லாது, அப்படியே கொண்டுபோய்க் குடுங்க" என்று இரண்டு தரம் சொன்னாய். நான் ஓம் ஓம் என்றேன்.

கல்லூரியில் உறையை எடுக்கவில்லை என்று போனில் சொன்ன அன்று, அம்மாதான் உடைத்தாள் என்று உனக்குச் சொல்லப்பட்டது. அவளே சொன்னாள். நல்ல கடுதாசி எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பது அவளுடைய வழக்கம், கனடாவில் இறங்கின பத்திரத்துக்கும் வைத்தாள், இந்த வீட்டு வாடகைப் பத்திரத்துக்கும் வைத்தாள், அதனால் நீ உடனே நம்பிவிட்டாய். "ஒரு மஞ்சளுக்காக என்ட வாழ்க்கைய நாசமாக்கிட்டீங்க, இனி நான் ஒண்டுக்கும் விண்ணப்பிக்க மாட்டன்" என்று நீ கத்தினது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா போனை வைத்துவிட்டுப் போய்க் கறிக்கு வெங்காயம் வெட்டினாள். மகள், உறையை உடைத்தது அம்மா அல்ல. நான்.

உறை வந்த மறுநாள் எனக்கு வேலை இல்லை, அம்மா வெக்ஸ்போர்ட்டில் தையல் வேலைக்குப் போயிருந்தாள். கேத்தலில் தண்ணியைக் கொதிக்கவைத்து உறையை ஆவியில் பிடித்தேன். இருபத்தேழு வருடம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து போத்தலுக்கு லேபல் ஒட்டின கை, உரித்தாலும் திரும்ப ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஏன் உடைத்தேன் என்று கேட்பாய். புள்ளி குறைவாக இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் உடைத்தேன். குறைவாக இருந்தால், பிள்ளை, இது சரிவராது, முப்பத்திரண்டு வயதில் இனி உனக்கு ஏன் இந்தப் பாடு, காகித ஆலையில் கூழைப் பரிசோதிக்கும் வேலை நல்ல வேலைதானே என்று சொல்லி உன்னை நிற்பாட்டலாம் என்று இருந்தேன். படித்து முடித்து நீ தனியாக வேலை பார்க்க நாற்பதாகிவிடும் என்ற கணக்கும் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த வருடம் என் சான்றிதழ்களைக் கட்டி எடுத்துக்கொண்டு நான் எத்தனை கந்தோர்ப் படி ஏறினேன், ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் கட்டை அவிழ்க்காமலே திருப்பித் தந்ததை நீ பார்த்தவள். அந்த வரிசையில் உன்னையும் நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. பயந்துவிட்டேன். பயம் எனக்கு, நட்டம் உனக்கு.

உறைக்குள் ஒரே ஒரு தாள். விலங்கியலில் எல்லாம் ஏ. இரசாயனத்தில் ஒரு பி, மற்றதெல்லாம் ஏ. குறை சொல்ல ஒரு வரி கிடைக்காமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். நீ பேராதனையில் இருந்த காலத்தில் பாஸ் பண்ணுகிறாயா என்று மட்டும்தான் நான் கேட்டேன், நீயும் ஓம் என்று மட்டும்தான் சொன்னாய். பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாய், இங்கே வந்து ஆலைக்குப் போனாய், இதெல்லாம் உனக்குப் போதும் என்று நானே முடிவெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பிறகு ஒட்டப் பார்த்தேன். வீட்டில் பசை இல்லை, சோற்றை மசித்து ஒட்டினேன். ஆவியில் பதிவாளரின் கையெழுத்து ஊறிப் பரவி, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரமாட்டேன் என்றது. அந்த நேரத்தில் அம்மா கதவைத் திறந்தாள். மேசையில் கேத்தல், சோறு, உறை, நான். "என்ன வேலை பாத்து வெச்சிருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான். பிறகு, திறந்ததுதானே என்று தாளை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டாள். "புள்ள கேட்டா நான்தான் எண்டு சொல்லுவன், என்னோட கோவிச்சா ரெண்டு நாள்ல மறந்திரும், உங்களோட கோவிச்சா மறக்காது" என்றாள். இரண்டு நாளில் மறக்கவில்லை, மூன்று கிழமையாகிவிட்டது.

ஒக்டோபர் இருபத்தெட்டாம் திகதி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், செல்லுமோ என்ற ஆசையில். மருத்துவக் கல்லூரிக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி உறையைத் திருப்பிப் பார்த்தா. விளிம்பில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மன்னிக்கவேண்டும், இதை எடுக்க முடியாது, பல்கலைக்கழகமே நேரடியாக எங்களுக்கு அனுப்பவேண்டும் என்றா. முகம் சுளிக்கவில்லை. இந்த வருடம் தவறினாலும் அடுத்த வருடத்துக்கு எல்லாம் செல்லும், நீ வினிப்பெக்குக்கு இரவு பஸ் பிடித்துப் போய் எழுதின நுழைவுப் பரீட்சையும் செல்லும் என்றா. மகளின் வயது முப்பத்திரண்டு என்றேன். அதைவிட மூத்தவர்களும் படிக்கிறார்கள் என்றா. அதை நான் உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டுமே என்று சொல்லாமல் விட்டேன்.

மாமாவுக்கு எழுதிவிட்டேன். அங்கே நிலைமை சரியில்லை, இருந்தாலும் திறக்கிற நாளில் போய் நிற்கிறேன் என்று சொல்கிற ஆள் அவன். போன தரம் அவன் அனுப்பின படிவங்களில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது, அதை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு அவனுக்கு அனுப்பினால் போதும், போடாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் அது உன் களைப்பாக இருக்கட்டும், என் களைப்பை நீ சுமக்காதே. புள்ளித்தாளை எங்கே அனுப்பவேண்டும் என்ற இடத்தில் கல்லூரியின் முகவரியை எழுதியிருக்கிறேன். நம் வீட்டு முகவரியை எழுதவில்லை. நான் இருக்கிற வீட்டுக்கு அது வரவேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் சோறு ஊட்டப் போவதை விடாதே, போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பிள்ளையார் உனக்குத் துணையாக இருப்பார், நினைத்தது நடக்கட்டும். ஒன்றை மறக்காதே, அடுத்த ஞாயிறு எனக்கு வேலை, வீட்டில் அம்மா மட்டும்தான். அப்போது அவளுக்குப் போன் எடு. மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், அவளுக்கு உன் குரல் போதும். படிவத்திலும் மஞ்சள் தொடப் போனாள், தடுத்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தின் மூலைகளில் தொட்டிருக்கிறாள். இந்த உறையை நீ தாராளமாக உடைக்கலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. வீரக்குட்டி