நகரி வெயிலில் ஜெர்க்கின்

நகரி,
8.5.2025

அன்பு மகள் பிரித்திகாவுக்கு நைனா எழுதுவது.

இங்கே தறியும் நாங்களும் நலம். என் போனுக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது. திறந்தால் போதும், பனிக்கு ஜெர்க்கின் வாங்கு என்கிறது. இந்த வெயிலில் பனியனையே கழற்றிப் போட்டுவிட்டுத் தறி ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு ஜெர்க்கின்? செய்தி படித்தாலும் அதுதான், பஞ்சாங்கம் பார்த்தாலும் அதுதான். ஜெர்மன் பேசக் கற்றுத் தருகிறேன் என்று ஒருத்தி வேறு கூப்பிடுகிறாள். உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, இந்த வயசுல எவளோட ஓடப்போற?" என்று கத்துகிறாள்.

நர்ஸுக்குப் படித்தவள், விவரம் எழுது. போன் பண்ணாதே, இங்கே டவர் சரியில்லை.

உன் நைனா,
வேதாச்சலம்


திருப்பதி,
13.5.2025

அன்புள்ள நைனாவுக்கு,

படித்துவிட்டு ஹாஸ்டலே சிரித்தது. பிறகு எனக்கு மட்டும் பயம் வந்தது.

நெட்டில் நாம் எதைத் தேடினாலும் விளம்பரக்காரர்கள் பின்னாலேயே வந்து குறித்துக்கொள்கிறார்கள். பஜாரில் போன் கடை வைத்திருக்கும் கிரண்குமார் நம் இரண்டு போனுக்கும் ஒரே மெயில் கணக்கைப் போட்டுக் கொடுத்தான் அல்லவா? அதனால் நான் தேடியது உங்களைத் துரத்துகிறது. ஆமாம் நைனா, ஜெர்க்கின் எனக்குத்தான். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக அந்த மொழியைப் படிக்கிறேன். ஒரே பெண்ணை விடமாட்டீர்கள் என்று மறைத்தேன்.

என் போனில் என்ன வருகிறது தெரியுமா? காது மெஷின்! நான் அதைத் தேடவே இல்லை. தறிச் சத்தத்தில் காது போய்விட்டதா? அதற்குத்தான் பாவம், டவர் மேல் பழியா? இப்படி உங்களை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்.

கிரண்குமாரிடம் போய்த் தனிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தேடியதையெல்லாம் அழித்து, நம்மைப் பார்த்து விளம்பரம் காட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள்,
பிரித்திகா


நகரி,
24.5.2025

அடி கள்ளி,

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

கிரண்குமாரை ஒரு பிடி பிடித்தேன். "ஆளுக்கொண்ணு போட்டா பாஸ்வேர்டை மறந்துட்டு என்னாண்டதான மாமா வந்து நிப்பீங்க?" என்றான். பிறகு நீ சொன்னபடி எல்லாம் செய்தான். இப்போது என் போனுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. சிமெண்டு வாங்கச் சொல்கிறது. நிம்மதியாக இருக்கிறது.

புத்தூர் டாக்டரிடம் காட்டிக் காது மெஷின் மாட்டிக்கொண்டேன். முதலில் கேட்டது உன் அம்மா என்னைத் திட்டுவதுதான். இத்தனை நாள் இவ்வளவு திட்டியிருக்கிறாளா!

இன்னொன்று. கணக்கை மாற்றுவதற்கு முன்னால் அந்த ஜெர்க்கினை வாங்கிவிட்டேன். நீல நிறம். ஹாஸ்டல் விலாசத்துக்கு வரும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ போய் வா.

இனிமேல் கடிதம் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் நைனா