தோற்றவர் கையெழுத்து

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தையல் கடைக்குப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் "அப்புறம்?", "வேற என்ன?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

இதோடு ஒரு பார்சல் வரும். ஆந்தைப் புத்தகத்தின் ஐந்தாம் பாகம். அட்டையில் ஆந்தை இருப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. போன வாரம் கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கை தன் பாட்டுக்கு இரண்டு பிரதியை எடுத்துவிட்டது. பில் போடுகிறவர் "ரெண்டா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது, அண்ணன் போய் நாலு மாதம் ஆகிறது என்று. "ஆமா, ரெண்டுதான்" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

உங்களுக்கு இந்த டிராகன், சூனியக்காரி சமாச்சாரமெல்லாம் ஆகாது என்று தெரியும். "உன் அண்ணிக்கு ஊசிக் காதுல நூல் நுழைஞ்சா போதும், அதுவே மாயாஜாலம்" என்பான் அண்ணன். படிக்க வேண்டாம். மற்ற நான்கோடு அலமாரியில் வைத்துவிடுங்கள். வரிசை குறையாமல் இருக்கட்டும்.

ஒருவேளை படித்தீர்களானால், எங்கள் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்த வேண்டும். இந்தப் பாகத்துக்கு 230ஆம் பக்கம். அதற்கு மேல் ஒரு வரி பார்க்கக் கூடாது. கதை எப்படி முடியும் என்று ஊகித்துக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு கடிதமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மீதிப் பாதி. யாருடைய ஊகம் தப்போ அவர் அடுத்த கடிதத்தில் 'கழுதை' என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பதினேழு வயதில் ஆரம்பித்தது. ஒரே ஒரு தடவை தவிர, நான்தான் கழுதை. அண்ணன் ஊகித்தால் அப்படியே நடக்கும்.

என் ஊகம்: படகோட்டி கோட்டை மணியை உடைப்பான். போரில் வடக்கு ஜெயிக்கும்.

இங்கே வேலை அதே குளிர்கிடங்குதான். நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் சூடான அறையில். உள்ளே இருக்கும்போது விரல் இருப்பதே தெரியாது. வெளியே வந்த பிறகுதான் வலி ஆரம்பிக்கும். அந்த இருபது நிமிடத்தில்தான் படிக்கிறேன். பக்கம் திரும்புகிறது. நன்றாக இருக்கிறதா என்றால் தெரியவில்லை. அண்ணன் டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு சீட்டிலேயே போய்விட்டான் என்று சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் இருந்தேன். ஊருக்கு வந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். பொறுப்பான பிள்ளை என்றார்கள்.

உங்கள்
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

பார்சல் கிடைத்தது. கவரைப் பிரித்து, அலமாரி வரை கொண்டுபோய், திரும்ப எடுத்துவந்துவிட்டேன். கடையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நூற்றிருபது சீருடை ஆர்டர். மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். 230இல் நிறுத்திவிட்டேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கோட்டைப் படிக்கட்டுக்கே பதினோரு பக்கம் செலவழித்திருக்கிறார். இளவரசி நாற்பது அடி வெல்வெட் கவுனோடு டிராகன் மேல் ஏறுகிறாளாம். யாருக்குக் காது குத்துகிறார்? வெல்வெட்டை ஒரு தடவை தைத்துப் பார்த்தவள் அந்தப் பக்கத்தில் சிரித்துவிடுவாள். போர் வருகிற இடமெல்லாம் ஓட்டுத்தையல், இழுத்தால் கையோடு வந்துவிடும். டிராகன் மட்டும் பிடித்திருக்கிறது. கிழம், நெருப்பு வரவில்லை, இருமிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் வேலைக்குப் போகிறது.

ஒரு சந்தேகம். பாலக்காவலன் எங்கே? நாற்பது வருடம் அந்தப் பாலத்தைக் காத்தவன். ஐந்தாம் பாகத்தில் ஆளையே காணோமே. எழுதியவர் மறந்துவிட்டாரா?

என் ஊகம்: மணியை உடைப்பது படகோட்டி இல்லை, அவன் மகள். இடது கையால் உடைப்பாள். உடைத்ததும் அவளுக்குக் குரல் போய்விடும். வடக்கும் ஜெயிக்காது, தெற்கும் ஜெயிக்காது. டிராகன் கடைசியாக இருமும்போது ஒரே ஒரு பொறி வரும்.

கையுறை கிழிந்திருந்தால் அனுப்பு, தைத்துத் தருகிறேன். நான் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். ஒன்றும் குறையில்லை. ஒன்றும் இல்லை என்பதுதான்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

படித்து முடித்தேன். மகள், மணி, குரல், பொறி, எல்லாம் நீங்கள் எழுதியபடியே. முடித்ததும் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அலமாரிக்கு அடியிலிருந்து அண்ணன் கடிதக் கட்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

படகோட்டியின் மகள் இடது கைக்காரி என்பது 412ஆம் பக்கத்தில்தான் முதல்முறையாக வருகிறது. முதல் பாதியில் அவள் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். ஊகத்தில் இடது கை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. இரண்டாம் பாகத்தைப் பற்றி அண்ணன் எழுதியது இது: "இந்த ராஜ்யத்துக்கு மடிப்பு சரியில்லை, கால் நீளமாகத் தொங்குகிறது." மூன்றாம் பாகத்துக்கு: "சூனியக்காரியின் கோபம் அளவெடுக்காமல் வெட்டிய துணி." பஸ் ஓட்டுகிறவனுக்கு மடிப்பும் அளவும் எதற்கு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அண்ணன் எவ்வளவு அழகாக எழுதுகிறான் என்று கிடங்கில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தக் கடிதங்கள் யாருடையவை?

இப்படிக்கு
கழுதை


ஏப்ரல் 1

தம்பிக்கு,

என்னுடையவை.

எழுத்து அவருடையது. சொன்னது நான். அவர் பத்துப் பக்கம் புரட்டினால் தூங்கிவிடுவார். பத்து மணி நேரம் சாலையைப் பார்த்த கண், என்ன செய்யும்? உங்கள் அப்பா போன பிறகு நீ யாரோடும் பேசாமல் மூலையில் புத்தகத்தோடு கிடந்தாயே, அப்போது ஆரம்பித்தது. "அவன்கிட்ட பேசறதுக்கு எனக்கு வேற என்ன இருக்கு? நீ படிச்சுச் சொல்லு, நான் எழுதறேன்" என்றார். அவர் சாப்பிடும்போது கதை சொல்வேன். நான் சொல்லச் சொல்ல இடது கையால் எழுதிக்கொள்வார், வலது கை தட்டில் இருக்கும். அதனால்தான் அந்தக் கோணல் எழுத்து.

ஊகம் பலித்ததற்கு நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. எந்தத் துணி வந்தாலும் முதலில் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது எங்கள் தொழில். புத்தகத்திலும் அதே புத்தி. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். அவரிடம் மறைத்துவிட்டேன். அவரும் நிஜமான ஊகம் என்று நம்பித்தான் எழுதினார். நீ 'கழுதை' என்று கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால் டிப்போ முழுக்கக் காட்டிவிட்டு வருவார்.

இந்த முறை தப்பாக எழுதியிருக்கலாம். நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு தோற்க எனக்கு மனம் வரவில்லை.

உன் அண்ணனை உன்னிடமிருந்து எடுக்க நினைத்து இதை எழுதவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அண்ணி


மே 6

தம்பிக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. கோபம் என்றால் கோபமாகவே எழுது. கையுறைக்கு உள்ளே வைத்துத் தைக்கக் கம்பளித் துணி கொஞ்சம் கிடைத்தது, எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

கோபம் இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் பிரச்சினை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். பெட்டி எண்ணினேன். அண்ணன் என்று நான் வைத்திருந்தது அந்தக் கட்டுக் கடிதங்கள்தான். நேரில் பார்த்தால் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை, உங்களுக்கே தெரியும். கல்லுளிமங்கன் மாதிரி இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கடிதங்களும் அவனுடையவை இல்லை என்றால், எனக்கு அண்ணன் என்று என்ன மிச்சம்? கட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நாள் வாசல் வரை கொண்டுபோனேன்.

போடவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பென்சிலால் பிரித்தேன். 'மழைக் கோட்டு வாங்கிக்கொள்' என்றால் அவன். 'இளவரசிக்கு மூளை இல்லை' என்றால் நீங்கள். நாலாம் பாகத்துக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

அந்தக் கடிதம் ஒரு பக்கம்தான். அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி, பனி ரொம்பப் பெய்கிறது. அந்த ரோட்டில் எப்படி வண்டி ஓட்டுவார்கள்? பாதி வரை படித்துவிட்டேன். பாலக்காவலன் பனிக்குள் போகிறான். போகட்டும். என் ஊகம், அவன் திரும்பி வருவான். அடுப்பில் டீ வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கவனித்தாயா? டீ வைத்துவிட்டுப் போகிறவன் சாக மாட்டான்."

பாலக்காவலன் திரும்பி வரவில்லை, அண்ணி. கடைசி அத்தியாயத்தில் பனிக்கு அடியில் அவனைக் கண்டெடுக்கிறார்கள். அண்ணன் தோற்ற ஒரே பாகம் அதுதான். அடுத்த கடிதத்தில் 'கழுதை' என்று பெரிதாகப் போட்டிருந்தான். அந்தக் கையெழுத்தை வெட்டி என் லாக்கர் கதவில் மூன்று வருடமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. பாலக்காவலன் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நாலாம் பாகத்தைப் படித்தவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பாகத்தை நீங்கள் படித்தீர்களா? இது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வரி போதும்.

தம்பி


ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

படிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாற்பது நாள் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்ததும், "தம்பிக்கு என்ன பதில் எழுதினீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நானே பாத்துக்கிட்டேன்" என்றார். "கதையையாவது சொல்லுங்க" என்றதும் சொன்னார், இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க. அவர் சொன்ன கதையில் பாலக்காவலன் திரும்பி வந்துவிட்டான். ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் குடித்தான். அதனால் நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. அவர் தோற்றதும் எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். உள்ளே பஸ் டிக்கெட். பத்துப் பக்கத்துக்கு ஒன்று, தூங்கிப்போன இடத்திலெல்லாம் அடையாளம் வைத்திருக்கிறார். எண்ணினேன், நாற்பத்தாறு. கடைசி டிக்கெட் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பாதியில் மட்டும் இரண்டு டிக்கெட் சேர்த்து வைத்திருக்கிறார். அங்கேதான் நிறுத்தி உனக்கு எழுதியிருக்க வேண்டும். என்னைப் போலத் திருப்பிப் பார்க்கவில்லை. சட்டப்படி படித்து, சட்டப்படி தோற்றிருக்கிறார்.

ஆகவே அந்த ஒரு பக்கம் முழுக்க உன் அண்ணன்தான். அதில் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அன்றைக்குக் காலையில் டிப்போவுக்குக் கிளம்பும்போது டம்ளரில் பாதி டீயை மூடி வைத்துவிட்டு, "வந்து குடிக்கிறேன்" என்றார். எல்லோரும் வந்து போன பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கழுவும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதம் கழித்து, உன் கடிதத்தில் அந்த டீயைப் படித்த பிறகு, அந்த டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

இப்போது நாலாம் பாகம் படிக்கிறேன், முதல் பக்கத்திலிருந்து. என் கை சும்மா இருக்காது என்று தெரியும், அதனால் கடைசி அத்தியாயத்தை மூன்று ஓரமும் சேர்த்துக் கெட்டி நூலால் தைத்துவிட்டேன். டிக்கெட்டுகளை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். ஒவ்வொரு டிக்கெட்டிலும் நானும் நிறுத்துகிறேன். நேற்று பாதிக்கு வந்துவிட்டேன். பாலக்காவலன் பனிக்குள் போயிருக்கிறான். அடுப்பில் டீ இருக்கிறது.

முடிவை நீ எழுதிவிட்டாய். ஆனாலும் சட்டம் சட்டம்தான், ஊகம் எழுத வேண்டும்.

என் ஊகம்: அவன் திரும்பி வருவான்.

இப்படிக்கு
கழுதை