தளபதியின் காதுகள்

ஜூன் 4

பள்ளி விட்டு வந்தபோது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

என் நாற்காலி என்று எங்கும் எழுதிவைக்கவில்லைதான். ஆனால் முன்னறையில் அப்பாவின் வேலை மேசைக்கு இரண்டே நாற்காலிகள். ஒன்று அப்பாவுடையது. ஜன்னலோரம் இருப்பது, நான் ஆறாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து, என்னுடையது. பெரியவர்கள் அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்கும் பொம்மைகள் இருக்கின்றனவே, வீரர்கள், ராணிகள், விண்வெளிக்காரர்கள், அவற்றின் தலைகளுக்கு அப்பா வண்ணம் தீட்டுகிறார். ஒவ்வொரு தலையும் பெரிய நெல்லிக்காய் அளவு. இப்போது பேசிவிடும் என்று தோன்ற வேண்டும். அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் தோல் நிறம் கலக்க அப்பாவுக்கு உதவுவேன்.

அத்தைக்கு இங்கே வேலை மாற்றல். வீடு கிடைக்கும்வரை அத்தையும் அத்தை மகளும் எங்களோடு. அவளுக்கு என் வயதுதான். பேசமாட்டாள். சுவரோரம் ஒட்டிக்கொண்டு கண்கொட்டாமல் பார்ப்பாள். அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்த நோட்டில் மட்டும்.

"விருந்தாளி உக்காரட்டும், புலவரே" என்றார் அப்பா. நிறையப் படிப்பதால் நான் புலவர்.

விருந்தாளி என்றால் கூடத்தில் உட்கார வேண்டியதுதானே?

ஜூன் 6

பல்லி ஒரு தலையை எடுத்துத் தன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாளாம். "யாரும் சொல்லித் தரல, தானா செய்யுது பாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார் அப்பா. நூலகத்திலிருந்து கொண்டுவந்த நிறக்கலவைப் புத்தகத்தை நான் அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தேன். அதை யாரும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜூன் 9

பல் டாக்டர் வந்தார். ஊருக்குத்தான் டாக்டர், எங்கள் வீட்டில் அவர் பொம்மைப் பைத்தியம். இந்த முறை ஒரு பெண் தளபதி வேண்டுமாம்.

"சண்டையில தோத்துட்டு நிக்கிறா. ஆனா அழக்கூடாது. ஜெயிச்சவளையே முறைச்சுப் பாக்கணும். பாத்தா பயம் வரணும்."

"உங்ககிட்ட வந்து வாயைத் திறக்கிறவங்களுக்கு வர்ற மாதிரியா?" என்றார் அப்பா. டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

அவர் போனதும், ஒத்திகைக்காக வார்த்த இரண்டு தலைகளை அப்பா எங்கள் முன் வைத்தார். "ஆளுக்கு ஒண்ணு. யாரோட நிறம் பொருந்துதோ அவங்கதான் நிஜத் தலைக்குக் கலக்கணும். பெட்டிக்கு அடியில என் பேருக்குக் கீழ அவங்க பேரு."

இதுவரை ஒரு பெட்டியிலும் என் பெயர் வந்ததில்லை. அது எனக்கு வேண்டும். எனக்கு மட்டும் வேண்டும்.

ஜூன் 11

புத்தகத்தில் உள்ளபடியே கலந்தேன். மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை, நிழலுக்கு நீலம் ஒரு துளி. தளபதிக்குக் கோபம். கதைகளில் கோபம் வந்தால் எல்லோருக்கும் முகம் சிவக்கிறது. அதனால் கன்னங்களுக்குச் சிவப்பு. டாக்டர் தந்த படத்தோடு ஒப்பிட்டேன், அச்சு அசல்.

பல்லி இன்னும் தூரிகையைத் தொடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை வாரும்போது, சாப்பிடும்போது, கணக்குப் போடும்போது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரமா பார்ப்பார்கள்?

ஜூன் 12

கத்திவிட்டேன். அப்பா அவளிடம், "உனக்கு நல்ல கண்ணும்மா" என்றார். எனக்கு அப்படிச் சொன்னதே இல்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதாலா? அப்பா கடைக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தேன்.

"எந்திரி. அது என் சீட்டு. இது என் வீடு, என் அப்பா. எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட, இன்னும் என்ன வேணும்?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன். அவளோ என் காதைப் பார்த்தாள்.

"அப்படியே இரு" என்றாள். "ரெண்டு நிமிஷம், அசையாத."

சண்டை போடுகிறவளிடம் யாராவது அப்படியே இரு என்பார்களா! அதற்குள் ஓடிப்போய் வண்ணத்தட்டை எடுத்துவிட்டாள். என்னோடு சண்டைகூடப் போடமாட்டாளாம். அந்த அளவுக்குக்கூட நான் இல்லையா?

ஜூன் 14

என் தலை தோற்றது.

ஈரத்தில் படத்தோடு பொருந்தியது. காய்ந்ததும் கறுத்துவிட்டது. காயும் என்பதை எப்படி மறந்தேன்? அதைவிட மோசம், ஏற்கெனவே நிறம் பூசி உடம்போடு வந்த கைகளோடு நான் ஒப்பிடவே இல்லை. படத்தைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்த்தேன், கைகளைப் பார்க்கவில்லை. அப்பா தலையை உடம்பில் மாட்டினார்.

"முகம் ஒருத்தி, கை வேற ஒருத்தி." பிறகு என் கன்னச் சிவப்பைப் பார்த்து, "இவ தோத்துட்டு வரல புலவரே, கல்யாணத்துக்குக் கிளம்புறா" என்றார்.

அத்தைகூடச் சிரித்தாள்.

பல்லியின் தலையை மாட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. கன்னத்தில் சிவப்பே இல்லை. வாயைச் சுற்றி இருண்டிருந்தது, கண்ணுக்குக் கீழே லேசான பாசி நிறம், காது நுனிகளில் மட்டும் செம்பு. அந்தப் பெண் நிஜமாகவே வெந்துகொண்டிருந்தாள்.

"இந்த நிறத்தை எங்கேம்மா புடிச்ச?" என்றார் அப்பா.

பல்லி விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

ஜூன் 15

இரவு சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 17

கண்ணாடி முன் நின்று அவளை நினைத்துக்கொண்டேன். மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. காது நுனி – ஆமாம், செம்பு.

மாலையில் நானே போய்க் கேட்டேன்.

"கோவம் வந்தா நீ சிவக்க மாட்ட. வாயைச் சுத்திக் கறுக்கும்" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை. "கண்ணுக்குக் கீழ இருக்கிறது படிச்சுப் படிச்சு வந்தது. அது எப்பவும் இருக்கு."

"எப்ப இதெல்லாம் பாத்த?"

"வந்த நாள்லேர்ந்து. நீ தினமும் கோவமாத்தானே இருக்க."

ஜூன் 22

நிஜத் தலைக்கு நிறம் கலக்கும் நாள். பல்லி என்னை முக்காலியில் உட்காரவைத்தாள். "கோவப்படு."

சொன்னால் வருமா? முறைத்தேன். சிரிப்புதான் வந்தது. அவளுக்கும் வந்தது. தூரிகை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். தட்டில் இருந்த கலவையை விரலில் தொட்டு, "அடடா, எனக்கே இப்படி வராதும்மா" என்று அவள் தலையைத் தடவினார்.

"மாமா, வந்துருச்சு! காதைப் பாருங்க! இன்னொரு தடவை சொல்லுங்க!"

அப்பா இன்னொரு தடவை சொன்னார். பாவி மனுஷர், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை முடியும்வரை என் காது ஆறவே இல்லை.

ஜூலை 2

டாக்டர் பெட்டியைத் திறந்து ஓரடி பின்வாங்கினார். "இவளை எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பெட்டிக்கு அடியில் அவள் பெயர். பெட்டிக்குள்ளே என் முகம். இப்போது நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? யோசித்துப் பார்த்தேன். அவளைத்தான். முகம் சும்மா வந்தது. கண்டுபிடித்தவள் அவள்.

ஜூலை 13

அத்தைக்கு வீடு கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால். சாமான்களோடு போய்விட்டார்கள்.

நாற்காலி எனக்கு. உயரத்தைப் பல்லி கூட்டிவைத்திருக்கிறாள், கால் தரைக்கு எட்டவில்லை. இறக்கலாம். நாளை இறக்குகிறேன்.

ஜூலை 20

"வாங்க புலவரே, இந்தத் தலை முழுக்க உங்களோடது" என்றார் அப்பா. வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பாட்டுக்காரி. புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவள் மாதிரி இருந்தது.

ஜூலை 21

பொம்மையின் கைகள் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, வண்ணத்தட்டோடு பேருந்து ஏறினேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"என்ன?"

"அப்படியே உக்காரு. சிரி."

"எதுக்கு?"

"சொன்னா வராது. சிரி."

வரவில்லை. அவளுக்கு நான் வைத்த பெயரைச் சொன்னேன்.

பிறகு அரைமணி நேரம் நிறுத்தவே முடியவில்லை. அவள் சிரிக்கும்போது கன்னத்தில் ஒன்றும் ஆவதில்லை. மூக்குத் தண்டில் மட்டும் தேன் நிறம் ஏறுகிறது. அதை அவளே பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை.