படியளப்பவனுக்கு வேலி

ஜூன் 3, ஞாயிறு

இன்று ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள்: போதகர், அவர் மனைவி, தையல்காரி, ஓய்வுபெற்ற தபால்காரர், பேக்கரிக்காரர், மைக் பார்த்துக்கொள்ளும் என் மூத்த மகன், அவன் மகள், நான். "அன்னைக்கு நான் வரலையே" என்று பின்னால் யாரும் நழுவக் கூடாது.

பேத்திக்கு வானாராய்ச்சி நிலையத்தில் வேலை. எங்கோ ஒரு கிரகத்தின் காற்றில் உயிர் இருக்கும் சாயல் தெரிகிறதாம். பேப்பரில் அவள் படம் வந்தது. போதகர் அதை ஆட்டிக்கொண்டே பேசினார். "கடவுள் உயிர் வெச்சது பூமியில மட்டும்தான். பதினேழாம் தேதி இந்தப் பொண்ணு இங்க ஜெபிக்கணும்னா, வேற எங்கயும் உயிர் இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

பதினேழு என் மருமகளின் நினைவுநாள். தாயில்லாப் பிள்ளை தாய்க்காக எழுந்து நிற்கும் நாள்.

மகன் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஜூன் 4

பிள்ளைக்காக ஏன் பேசவில்லை என்று மகனைக் கேட்டேன். "சொல்லிட்டுப் போகட்டுமேம்மா. நாலு பேர் முகத்துல முழிக்க வேணாமா?" என்கிறான்.

போதகர் எப்பேர்ப்பட்டவர்? என் வீட்டுக்காரர் செத்த அன்று "காபி ஆறிப்போச்சே" என்று முகம் சுளித்தவர். நான் மறக்கவில்லை.

ஜூன் 6

"நிஜமாவே அங்க ஏதாச்சும் இருக்கா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"தெரியல பாட்டி. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

"தெரியாததுக்கா இந்தக் கூத்து?"

"தெரியாதுன்னுதான் நானும் சொல்றேன். இல்லவே இல்லன்னு சொன்னா அது பொய். அம்மா பேரைச் சொல்றதுக்கு முன்னாடி பொய் சொல்லணுமா?"

இவள் அம்மாவும் புளுகத் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

"இருந்தா அதுக்குப் பசிக்குமா?"

சிரித்தாள். "உயிர்னா ஏதாவது வேணும் பாட்டி."

கல்லுக்குள் தேரைக்கே படியளக்கிறவன், அங்கே மட்டும் கையை மூடிக்கொள்வானா? அவனுக்கு வேலி போட இந்தப் போதகர் யார்?

ஜூன் 8

ஞாயிறு விண்ணப்பம் சொல்வது என் முறை. முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

எங்கள் கூடத்தில் ஒருவர் விண்ணப்பம் சொன்னால் மற்றவர்கள் "அப்படியே ஆகட்டும்" என்பார்கள். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மூச்சு மாதிரி வந்துவிடும். நோயாளிகளுக்காகச் சொன்னேன் — ஆகட்டும். மழைக்காகச் சொன்னேன் — ஆகட்டும். அதே ராகத்தில், "இந்தப் பூமியிலும், வானத்தில் வேறெங்கே இருந்தாலும், நீர் உண்டாக்கிய எல்லா உயிருக்கும் படியளந்தருளும்" என்றேன்.

"அப்படியே ஆகட்டும்!" எல்லோரையும்விட உரக்கச் சொன்னது போதகர்தான்.

தையல்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்களே ஆகட்டும்னுட்டீங்களே!"

அவர் முகம் — அப்பப்பா!

தந்திரமா? தந்திரம்தான். ஜெபமும்தான். மனசாரத்தான் கேட்டேன்.

ஜூன் 13

போதகர் வீட்டுக்கு வந்தார். காபியைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேன்.

"கடவுள் முன்னாடி சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்க முடியாதும்மா. பொண்ணு ஜெபிக்கட்டும்."

சரி. அந்த ஆறிப்போன காபியை மன்னித்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

பேத்தி எழுந்தாள். "எங்க அம்மாவுக்காக—" மைக் செத்துப்போனது. திரும்பிப் பார்த்தேன். சுவிட்சின் மேல் என் மகன் விரல். போதகரே விட்ட பிறகு!

பேத்தி நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, வெறும் தொண்டையில் அம்மா பேரைச் சொன்னாள். எல்லோரும் ஆகட்டும் என்றார்கள். போதகரும்.

வெளியே வந்ததும், "நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னுதான்..." என்று இழுத்தான். அந்த நாலு பேரும்தானே ஆகட்டும் என்றார்கள்?

வீட்டில் அவனுக்கும் சோறு போட்டேன். பசிக்கிற வயிற்றுக்குப் படியளக்கத்தான் வேண்டும். அது வேறு, இது வேறு. பெண்டாட்டி பேர் வாயில் வருவதற்குள் மைக்கை அணைத்தவனை நான் மன்னிக்க மாட்டேன். என் மூத்த மகனை.